பெரியம்மாவின் பாவாடை நாடா

பெரியம்மாவுக்கு வந்தது கர்ப்பப்பைப் புற்றுநோய் என்றுதான் சொந்தக்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். இல்லை, கருமுட்டை உருவாகும் சினைப்பையில் வந்த புற்றுநோய். இந்தக் குழப்பத்தில்தான் நாங்களும் ஏமாந்தோம். பாப் ஸ்மியர் நார்மல் என்றதும் நிம்மதியாகிவிட்டோம், ஆனால் அந்தப் பரிசோதனை பார்ப்பது கர்ப்பப்பை வாயை மட்டும்தான்.

"ஒண்ணுமில்ல கண்ணு, வாயுதான்" என்று ஓமத்தண்ணீரும் கேஸ் மாத்திரையுமாக ஐந்து மாதம் ஓட்டினார். இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும், அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும், ராத்திரி நாலைந்து தடவை பாத்ரூம். முகம் வாடி, கை மெலிந்துகொண்டே வந்தது, வயிறு மட்டும் ஏறியது. துணி மடிக்கும்போது பார்த்தேன், பாவாடை நாடாவில் பழைய முடிச்சின் மடிப்பு ஓரிடத்தில் இருக்க, புது முடிச்சு ஒரு சாண் தள்ளி நாடா நுனிக்கே வந்திருந்தது. ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர் கோத்திருந்தது. மூன்றாம் நிலை.

உப்புசம் யாருக்கும் வரும், வந்து போகும். புதிதாக ஆரம்பித்து, போகாமல், மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால், அதுவும் ஐம்பது தாண்டியவர் என்றால், ஸ்கேனும், இந்தப் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. ஆரம்ப நிலையில் பாதிப் பேருக்கு அது நார்மலாகவே காட்டும், கர்ப்பப்பையில் சாதாரணக் கட்டி இருந்தாலும் ஏறிவிடும்.

பிள்ளை பெறாதவர்களுக்கும் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) உள்ளவர்களுக்கும் ஆபத்து கொஞ்சம் கூடுதல். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை, அதை வைத்து யாராவது வாய் திறந்தால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் பெரிய காரணம் பரம்பரை. பிஆர்சிஏ1 மரபணுவில் கோளாறு இருந்தால் நூறு பெண்களில் 40 பேருக்கோ அதற்கு மேலோ இது வரலாம், பொதுவாக நூறுக்கு ஒருவர் அளவில்தான். இதே கோளாறால் மார்பகப் புற்றுநோயும் வரலாம், அப்பா வழியிலும் இறங்கும், அதனால் அத்தைக்கோ அப்பாவைப் பெற்ற பாட்டிக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்றும் விசாரியுங்கள். பெரியம்மாவையும் அம்மாவையும் பெற்ற எங்கள் ஆச்சிக்கு இருந்திருக்கிறது, "மார்புல கட்டி" என்று சொல்லி அத்தோடு விட்டுவிட்டார்கள்.

ஆறு கீமோ, ஒரு ஆபரேஷன் முடிந்து பெரியம்மா இப்போது வீட்டில் இருக்கிறார். பிஆர்சிஏ1 கோளாறு அவருக்கு இருப்பது போன வாரம் உறுதியானது. வியாழக்கிழமை அம்மாவுக்கு ரத்தம் எடுக்கிறார்கள், அவருக்கும் இருந்தால் அடுத்து நான்.