ரிச்மண்ட் மேட்டில் ஏறிய மின்சார டிராம்

அமெரிக்காவின் தென்பகுதியில், வர்ஜீனியா மாநிலத் தலைநகர் ரிச்மண்ட். 1888 பிப்ரவரி 2 அன்று ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற பொறியாளர் அங்கே மின்சார டிராமை முறைப்படி ஓடவிட்டார். அதைப் பார்த்துத்தான் பல ஊர்கள் டிராம் குதிரைகளை அவிழ்த்துவிட்டன. ஒப்பந்தம் சாதாரணமானதல்ல: 40 வண்டிகள், சுமார் 12 மைல் தடம், செங்குத்தான மேடுகள்.

பெரிய சிக்கல், மோட்டாரை எங்கே மாட்டுவது என்பதுதான். வண்டிச் சட்டத்தில் இறுக்கிவிட்டால், தடம் குலுங்கும்போது சக்கரங்களை இணைக்கும் அச்சு மட்டும் மேலும் கீழும் ஆடும். கியர் பற்கள் சரியாகப் பொருந்தாமல் நொறுங்கும். ஸ்ப்ரேக் மோட்டாரின் ஒரு பக்கத்தை அச்சின் மேலேயே உட்காரவைத்தார், மறுபக்கத்தை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார். அச்சு எப்படி ஆடினாலும் மோட்டாரும் சேர்ந்தே ஆடும், பற்களின் இடைவெளி மாறாது. என்ன அழகான யோசனை! பிற்கால மின்ரயில்களிலும் இதே முறை நெடுங்காலம் நிலைத்தது.

மோட்டாரின் சுழலும் பகுதிக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் துண்டுதான் பிரஷ்; அது படுத்திய பாடு தனி. உலோக பிரஷ்கள் காம்யூட்டேட்டரில் (மோட்டாரோடு சுழலும் செப்பு வளையம்) உரசிப் பொறி பறக்கும், வேகமாகத் தேய்ந்துபோகும். கார்பன் பிரஷ் வந்த பிறகே அந்தத் தொல்லை அடங்கியது.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. 1904-ல் ரிச்மண்டில் வண்டிக்குள் தோல் நிறம் பார்த்து இருக்கை பிரித்தார்கள். கறுப்பின மக்கள் டிராமில் ஏற மறுத்து நடந்தே போனார்கள். ரிச்மண்டின் கடைசி டிராம் ஓடியது 1949-ல்.