ரெண்டு மாசம்

தென்னையில் ஏறிய வெள்ளை ஈக்கு மருந்தடிக்காமல் பொறுங்கள் என்று நான் சொன்னபோது, "எத்தனை நாளைக்குப் பொறுக்கோணும்?" என்றுதான் அந்தத் தோப்புக்கார அக்கா கேட்டார். "ரெண்டு மாசம்" என்றேன். அந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பயிற்சியிலும் இல்லை, கையிலிருந்த துண்டறிக்கையிலும் இல்லை. வாயில் வந்துவிட்டது.

2019 மார்ச். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்ட சுருள் வெள்ளை ஈ, அதற்குள் எங்கள் வட்டாரத் தென்னந்தோப்புகள் எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. ஓலையின் அடிப்புறம் வெள்ளை மெழுகுச் சுருள், மேற்புறம் கரும்பூசணம். வேர் வழியாகவும் மருந்து வேண்டாம், டிராக்டர் வைத்து மேலேயும் அடிக்க வேண்டாம் என்பதுதான் நாங்கள் ஊர் ஊராகச் சொன்னது. என்கார்சியா என்ற குளவி இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்றுவிடும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தக் குளவியை யாரும் விமானத்தில் கொண்டுவரவில்லை. தானாகவே வந்து சேர்ந்தது. மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். இவ்வளவும் சரி. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டச் சொன்னேன், கட்டினார். ஓலையின் அடியில் படுகிற மாதிரி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சச் சொன்னேன், கிணற்றில் இருந்தவரை அதையும் செய்தார். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சி அடிக்கலாம் என்றபோது மட்டும் சிரித்துவிட்டார். "நாப்பதடி மரத்துக்கு மைதாவா? அதுல புரோட்டா போட்டாலும் நாலு பேரு திம்பாங்க தம்பி."

அப்புறம் எதையோ கேட்க வந்து நிறுத்தி, கீழே கையைக் காட்டினார். தென்னைக்கு நடுவே இலை வாழை. ஈ கழிக்கிற இனிப்பு நீரான தேன்கழிவு மேலேயிருந்து சொட்டி, அதில் கரும்பூசணம் படர்ந்து, ஒவ்வொரு இலையும் அடுப்புக்கரி பூசிய மாதிரி இருந்தது. வாழை இலையின் அடியிலும் ஈ உட்கார்ந்திருந்தது. வாராவாரம் இலை அறுத்துக் கட்டுக் கட்டாக மண்டிக்கு அனுப்புவதுதான் அவர் கைச்செலவு. அதில் ஒரு மாசமாக ஒரு கட்டுகூடப் போகவில்லை. தென்னை சாகாது என்று நான் சொன்னது நிஜம். அவர் கேட்டது தென்னையைப் பற்றியே இல்லை என்பது அந்த நிமிஷம் எனக்குப் புரிந்ததா? புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் அவ்வளவு அவசரமாக ஒரு கணக்கைச் சொன்னேன் போலிருக்கிறது.

திரும்பி வரும்போது வண்டியில் ஒரு நல்ல பதில் கிடைத்தது. மேலே அடிக்கிற மருந்து கீழே வாழையில்தான் இறங்கும், அந்த இலையில்தான் யாரோ சோறு போட்டுச் சாப்பிடுவார்கள். இதைவிட வலுவான காரணம் இல்லை. ஆனால் அவரிடம் இதை நான் சொல்லவேயில்லை. என் மனசை ஆற்றிக்கொள்ளத்தான் இன்றுவரை இது பயன்படுகிறது.

மே கடைசியில் போனேன். ஓலை கருப்பாகவே இருந்தது. வாழையை வெட்டிச் சாய்த்திருந்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, மோர் கொடுத்தார். கோபப்பட்டிருந்தால் ஒருவேளை நான் இதை மறந்திருப்பேன்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தது. ஜூலையில் ஓலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தால் கூட்டுப்புழுக்கள் பாதிக்குமேல் கருத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் குளவி வெளியேறிய வட்டமான ஓட்டை. சந்தோஷத்தில் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் லென்ஸில் பார்த்துவிட்டு வேலிக்கு அந்தப்பக்கம் தலையைத் திருப்பினார். அந்தத் தோப்புக்காரர் ரெண்டு தடவை மருந்தடித்தவர். அங்கேயும் மழை கழுவி ஓலை பச்சையாகத்தான் நின்றது.

"மழை செஞ்ச வேலைக்கு உங்க குளவி பேரு வாங்குதுங்களா?"

மழை ஈயைக் குறைக்கும், குளவி மிச்சத்தைப் பிடித்து வைக்கும், அடுத்த கோடையில்தான் வித்தியாசம் தெரியும் என்றேன். அடுத்த கோடையில் பக்கத்துத் தோப்பில் ஈ கொஞ்சம் அதிகமாக இருந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. எண்ணிப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியதைத்தான் பார்த்தேனோ என்னவோ. அன்றைக்கு மருந்தடித்திருந்தால் வாழை பிழைத்திருக்குமா? அவ்வளவு உயரத்தில் ஓலையின் அடிப்புறம் மருந்து எட்டுவதே சிரமம். பிழைத்திருக்காது என்றுதான் நம்புகிறேன். ஆனால், "தெரியாதுங்க அக்கா, மழை வரைக்கும்கூட ஆகலாம்" என்று நான் சொல்லியிருந்தால், மார்ச்சிலேயே வாழையை எடுத்துவிட்டு வேறு ஏதாவது யோசித்திருப்பார். அல்லது நேராக மருந்துக்கடைக்குப் போயிருப்பார். அந்த பயத்தில்தானே கணக்குச் சொன்னேன்.

இப்போது யார் கேட்டாலும் நாள் சொல்வதில்லை. சொல்லாததால் கடைக்குப் போனவர்களும் உண்டு.

அந்த அக்கா மறுபடி வாழை வைத்திருக்கிறார். போன வாரம் ரோட்டில் என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த மருமகளிடம் சொன்னார்: "இவருதான் நான் சொன்ன ரெண்டு மாசத் தம்பி."