'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ரிஃப்: பிக்கைக் கீழே வைத்த பிறகு

மூன்று வாரம் விடாமல் உட்கார்ந்த பிறகு, நேற்று இரவு பதின்மூன்றாவது முறை பதிவு செய்தபோதுதான் டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாடலின் தொடக்க ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர்) நான் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஒலியோடு ஒத்துவந்தது. கிட்டாரைக் கையில் எடுத்த முதல் மாதத்திலேயே எல்லோரும் வாசித்துவிடும் ரிஃப் இது என்பதால், இதற்கு மூன்று வாரமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களும் என்னைப் போலவே இதைத் தவறாக வாசித்துக்கொண்டிருக்கலாம் என்பதே என் பதில்.

ஆறாவது தந்தியில் 3, 6, 8 ஆகிய ஃப்ரெட்களில் (கிட்டாரின் கழுத்திலுள்ள கட்டைகளில்) பவர் கார்டு, அதாவது மூலச்சுரத்தோடு அதன் ஐந்தாம் சுரமும் சேர்ந்த இணை, பிடித்து, பிக் என்னும் சிறு தகட்டால் ஓங்கி அடிப்பதுதான் நான் கற்ற முறை. சுரங்கள் சரிதான், ஒலி மட்டும் ஒருபோதும் சரியாக இருந்ததில்லை. குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் இந்த ரிஃபை ஐந்தாம் சுர இடைவெளியில் அல்ல, நான்காம் சுர இடைவெளியில் அமைத்தார். அதாவது ஜி என்ற மூலச்சுரம் மேலேயும், டி அதற்குக் கீழேயும் ஒலிக்கின்றன. இரண்டே தந்திகள் ஒலிக்கும் இடத்தில் அத்தனை கனம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது. டி ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ், ஜி 196 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து டிஸ்டார்ஷனுக்குள் (ஒலியைக் கரகரக்கவைக்கும் விளைவு) நுழையும்போது அவற்றின் வேறுபாடான 49 ஹெர்ட்ஸும் தானாகவே பிறக்கிறது. அது மேலேயுள்ள ஜிக்கு இரண்டு ஸ்தாயி கீழே இருக்கும் இன்னொரு ஜி. விரல் தொடாத அந்தச் சுரம்தான் ரிஃபைத் தாங்கி நிற்கிறது. தந்திகளின் சுருதி சிறிது விலகினாலும் அந்தக் கீழ்ச்சுரம் கலங்கிப்போவதைக் காதாலேயே கேட்க முடிகிறது. ஆகவே ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் சுருதி பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இடக்கைக்கு நான் முடிவு செய்த முறையைச் சொல்கிறேன். ஐந்தாவது, நான்காவது தந்திகளின் 5ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரலைப் படுக்கவைத்துத் தொடங்குகிறேன். அடுத்து நான்காவது, மூன்றாவது தந்திகளுக்கு மாறி, 3ஆம் ஃப்ரெட்டை ஆட்காட்டி விரலாலும் 5ஆம் ஃப்ரெட்டை மீண்டும் மோதிர விரலாலும் பிடிக்கிறேன். 6ஆம் ஃப்ரெட் சுண்டுவிரலுக்கு உரியது. திறந்த தந்திகளிலேயே தொடங்கினால் கைக்கு எளிதுதான். ஆனால் திறந்த தந்தியின் ஒலி மற்றவற்றைவிடப் பளிச்சென்று தனியாகத் தெரிந்ததோடு, அடுத்த சுரம் வந்த பிறகும் அடங்காமல் நின்றது.

உண்மையான தொல்லை வலக்கையில்தான் இருந்தது. பிளாக்மோர் இதைப் பிக் இல்லாமல், விரல்களால் சுண்டி வாசிப்பவர். பிக் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு தந்தியைத் தொட்ட பிறகுதான் மற்றதைத் தொடுகிறது. கணினியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் அந்தச் சிறு படிக்கட்டு தெளிவாகத் தெரிந்தது. கட்டைவிரலைக் கீழ்ச்சுரத் தந்தியிலும் ஆட்காட்டி விரலை மேல்சுரத் தந்தியிலும் வைத்து, உப்பு எடுக்கக் கிள்ளுவது போல இரண்டையும் ஒருசேர இழுத்தால் அந்தப் படிக்கட்டு மறைந்துவிடுகிறது. முதல் வாரத்தில் என் கட்டைவிரல் எப்போதும் முந்திக்கொண்டது. நகம் படாமல் சதையால் மட்டும் இழுக்கத் தொடங்கியதும், மணிக்கட்டைக் கிட்டாரின் பாலத்தின் (தந்திகளைத் தாங்கும் பகுதி) மீது ஊன்றாமல் சற்றே தூக்கி வைத்ததும் அதைச் சரிசெய்தன. கரகரப்பின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயினையும் வழக்கமாக வைக்கும் அளவில் பாதியாகக் குறைத்தேன். விரல் தரும் அழுத்தமே போதுமானதாக இருக்கிறது.

தந்திகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விரலால் இழுக்கும்போது 9 அளவுத் தந்திகள் துவண்டுபோய்ச் சுருதி ஏறியதால் சற்றுத் தடித்த 10க்கு மாறினேன். இணையக் கடை ஒன்றில் வாங்கிய முதல் தொகுப்பில் நான்காவது தந்தியின் சுற்றுக்கம்பி இரண்டே நாளில் பிரிந்துவிட்டது. மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்கள். இனிமேல் நேரில் பார்க்காமல் தந்தி வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

விரல்கள் ஒத்துழைத்த பிறகும் என் பதிவு பெட்டிக்குள் அடைத்தது போலத்தான் இருந்தது. அப்போதுதான் இந்தப் பாடல் எந்த இடத்தில் பதிவானது என்பதை நினைத்துப் பார்த்தேன். 1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் குழுவினர், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வரவழைத்து, சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரக் காசினோவில் தங்கள் 'மெஷின் ஹெட்' பாடல் தொகுப்பைப் பதிவு செய்யக் காத்திருந்தார்கள். டிசம்பர் 4 அன்று அங்கே அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, பார்வையாளர் ஒருவர் கூரையை நோக்கிச் சுட்ட ஃப்ளேர் துப்பாக்கியால் (சைகை வெளிச்சம் எழுப்பும் துப்பாக்கி) தீப்பற்றி, காசினோ முழுவதும் எரிந்துபோனது. மோன்த்ரோ ஜாஸ் விழாவை நிறுவிய குளோட் நோப்ஸ் உள்ளே சிக்கியவர்களை வெளியேற்ற உதவினார். ஜெனீவா ஏரியின் மீது புகை படர்ந்ததைக் குழுவினர் பார்த்தார்கள். சில நாட்கள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழித்த பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் குளோவரின் வாயில் வந்த சொற்களே பாடலின் தலைப்பாயின.

இடமிழந்த குழுவினர் முதலில் பெவிலியன் என்ற அரங்கில் கருவிகளை அமைத்தார்கள். இந்த ரிஃப் பதிவானது அங்கேதான். இரவில் எழுந்த ஒலியைத் தாங்காமல் ஊரார் புகார் செய்ய, காவலர்கள் வந்துவிட்டார்கள். பதிவு முடியும்வரை உதவியாளர்கள் கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். அதன்பின் குளிர்காலத்துக்காக மூடப்பட்டிருந்த கிராண்ட் ஹோட்டலின் நடைக்கூடத்துக்கு அவர்கள் மாறி, தொகுப்பின் எஞ்சிய பாடல்களை மெத்தைகளால் ஒலியை அடக்கிப் பதிவு செய்தார்கள். ஆகவே 'மெஷின் ஹெட்' தொகுப்பில் இந்தப் பாடலின் அடித்தளம் மட்டும் ஒரு பெரிய அரங்கில் பிறந்தது. நான் இதுவரை கிட்டாரை நேராகக் கணினியில் இணைத்தே பதிவு செய்துவந்தேன். நேற்று ஆம்ப்ளிஃபையரைக் கூடத்தின் ஒரு மூலையில் வைத்து, மைக்கை ஏறத்தாழ இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தினேன். பதின்மூன்றாவது முறை கைகூடியதற்கு விரல்களைப் போலவே அந்த இரண்டு மீட்டரும் காரணம்.

தொகுப்பு 1972 மார்ச்சில் வெளிவந்தபோது 'நெவர் பிஃபோர்' என்ற பாடலைத்தான் குழுவினர் பெரிதும் நம்பினார்கள். 1973இல் தனி இசைத்தட்டாக வந்த 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம்வரை சென்றது. கிட்டார் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்வது குழுவின் ஆர்கன் கலைஞர் ஜான் லார்டுக்குச் செய்யும் அநீதி. ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாகக் கரகரக்கவைத்து அதே ரிஃபை அவர் உடன் வாசிப்பதால்தான் அந்த ஒலிச்சுவர் எழும்புகிறது. நண்பரிடம் கீபோர்டு ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன். அதன் ஆர்கன் ஒலியை என் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் வழியாகவே அனுப்பிப் பார்க்கப்போகிறேன். ஸோலோவை (பாடலின் நடுவே வரும் தனிக் கிட்டார் பகுதி) இன்னும் தொடவில்லை.

அதற்கு முன் முடிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ரிஃபின் மூன்றாவது இசைச்சொற்றொடரின் கடைசி அடியில் மோதிர விரல் மீண்டும் ஐந்தாவது தந்திக்குத் திரும்பும்போது, விட்டுவந்த மூன்றாவது தந்தி ஒரு கணம் முனகுகிறது. ஆட்காட்டி விரலின் அடிப்பகுதியை அதன் மீது மெல்லச் சாய்த்தால் அடங்குகிறது; பத்து முறைக்கு ஆறு முறைதான் அது சரியாக விழுகிறது. நாளை இரவு அந்த ஓர் அடியை மட்டும் வாசித்துப் பழகப்போகிறேன்.