கார்பென்டர் ட்ரேடு தேர்வுக்கு நான் தயாரான விதம்

பத்தாவது முடித்துவிட்டு இரண்டு வருடம் மாமாவின் பட்டறையில் கையாளாக இருந்த பிறகுதான் அரசு ஐடிஐயில் கார்பென்டர் ட்ரேடில் சேர்ந்தேன். எட்டாவது தேறியிருந்தாலே சேரலாம், ஒரு வருடப் படிப்பு. எங்கள் ஊர் செங்கோட்டைப் பக்கம். மரம் அறுக்கும் மில்களுக்கு நடுவில் வளர்ந்தவன் என்பதால், அறுக்கும்போது வரும் வாசனையை வைத்தே தேக்கா வேறு மரமா என்று சொல்லிவிடுவேன். அதனால் செய்முறை எனக்குச் சுலபம், எழுத்துத் தேர்வுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு போனேன். நடந்தது நேர்மாறு.

முதல் உள்தேர்வில் ஒரு சாதாரணத் துளை-கழுந்து இணைப்பு செய்யச் சொன்னார்கள், அதாவது ஒரு கட்டையின் முனையை மெல்லிய நாக்குபோல (அதுதான் கழுந்து) சீவி, இன்னொரு கட்டையின் துளையில் செருகுவது. எல்லாருக்கும் முன்னால் முடித்தேன். சார் கையில் எடுத்து லேசாக அசைத்தார். கழுந்து துளைக்குள் ஆடியது. 90 டிகிரி பார்க்கும் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் மூலையும் விலகியிருந்தது. "பட்டறையில இதுக்கு ஆப்பு வச்சு ஃபெவிகால் ஊத்திருவீங்க, இல்லையா?" என்று கேட்டார். உண்மைதான், அப்படித்தான் செய்வோம்.

யோசித்துப் பார்த்தபோது காரணம் அளவில் இருந்தது. பட்டறையில் எங்களுக்கு எல்லாம் இஞ்சும் நூலும்தான். ஒரு இஞ்சுக்கு 8 நூல். ஒரு நூல் என்பது 3 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். "அரை நூல் கூட்டி அறுடா" என்று மாமா சொன்னால், அந்த அரை நூலிலேயே ஒன்றரை மில்லிமீட்டர் போய்விடுகிறது. கதவு நிலைக்கு அது பரவாயில்லை. 15 மில்லிமீட்டர் கழுந்தில் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் பத்தில் ஒரு பங்கு. பட்டறையில் இருந்துவிட்டு ஐடிஐக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: சேர்ந்த நாளிலிருந்து மில்லிமீட்டரில் யோசிக்கப் பழகுங்கள். மனதுக்குள் இஞ்சில் நினைத்து மில்லிமீட்டருக்கு மாற்றும் பழக்கம் தேர்வு நாளில் காலை வாரிவிடும்.

அதற்கு அடுத்தது கோடு போடுவது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வகுப்பில் செய்முறையில் மார்க் இழந்தவர்களில் பெரும்பாலோர் அறுக்கத் தெரியாமல் இழக்கவில்லை, கோட்டில்தான் இழந்தார்கள். பென்சில் முனை தேயத் தேயக் கோடு தடித்துக்கொண்டே போகும். அந்தத் தடிமனில் எந்தப் பக்கத்தை ஒட்டி அறுப்பது என்று நீங்கள் முடிவு செய்யவில்லை என்றால் ரம்பம் முடிவு செய்யும். ரம்பத்தின் தடமும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மரத்தைத் தின்னும். அதனால் தோள்பட்டைக் கோட்டை, அதாவது கழுந்து தொடங்கும் இடத்துக் கோட்டை, கத்தியால் கீறுங்கள். கழிவுப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். ரம்பம் ஓட வேண்டியது அந்தக் குறி இருக்கும் பக்கம் மட்டும்.

கோடு போடுவதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கட்டையின் ஒரு முகத்தையும் அதை ஒட்டிய ஒரு விளிம்பையும் இழைப்புளியால் தட்டையாக்கி, ஒன்றுக்கொன்று சரியான மூலையில் கொண்டுவந்து, இரண்டிலும் அடையாளம் போட்டுவிட வேண்டும். மூலைமட்டத்தின் கட்டையும் விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் மார்க்கிங் கேஜின் தலையும் எப்போதும் அந்த இரண்டு பக்கங்களில்தான் உட்கார வேண்டும். கட்டையைத் திருப்பித் திருப்பி எந்தப் பக்கம் வசதியோ அங்கிருந்து கோடு போட்டேன் என்பதுதான் என் முதல் தேர்வில் மூலை விலகியதற்குக் காரணம்.

கழுந்தின் தடிமன் கட்டையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் கணக்கில் வரும் எண்ணை அப்படியே கேஜில் வைக்காதீர்கள். அதற்கு மிக நெருக்கமான துளையுளியை எடுத்து, அதன் அகலத்துக்கே, துளைக்கென்று இருக்கும் இரட்டை முள் கேஜின் இரண்டு முள்ளையும் வையுங்கள். துளையை முதலில் போடுங்கள், கழுந்தை அப்புறம். துளையின் அகலம் உளியின் அகலம்தான், அதை மாற்ற முடியாது. கழுந்தை மயிரிழை கூடுதலாக விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் பொருத்திக்கொள்ளலாம். டவ்டெயிலுக்கு (புறா வால்போல விரிந்த பற்களைக் கோக்கும் மூலை இணைப்பு) சரிவு கடின மரத்தில் எட்டுக்கு ஒன்று, மென்மரத்தில் ஆறுக்கு ஒன்று. இது எழுத்துத் தேர்வுக்கும் உதவும்.

உளி தீட்டுவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போட வேண்டாம். சாணையில் 25 டிகிரி, எண்ணெய்க் கல்லில் விளிம்புக்கு மட்டும் 30 டிகிரி. உளியின் பின்பக்கம் கண்ணாடி மாதிரி தட்டையாக இருக்க வேண்டும், பலர் அதைத் தொடுவதே இல்லை. கூர்மை வந்துவிட்டதா என்று பார்க்க பைன் கட்டையின் தலைப்பக்கத்தைச் சீவிப் பாருங்கள். நார் நசுங்காமல் வழவழப்பாக வந்தால் சரி. மொட்டை உளியை அழுத்தித் தள்ளியதால் அது வழுக்கி என் இடது உள்ளங்கையில் இறங்கியது. மூன்று தையல், பத்து நாள் பயிற்சி போயிற்று. இரண்டு கையும் எப்போதும் உளியின் விளிம்புக்குப் பின்னால் இருக்கட்டும்.

எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டரில், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், எதையும் விடாமல் எழுதுங்கள். ஐடிஐ பாடநூல்களைத் தயாரிக்கும், சென்னை கிண்டியில் இருக்கும் நிமி (NIMI) நிறுவனத்தின் புத்தகங்கள் தமிழிலேயே உண்டு. ஐடிஐ மாணவர்களுக்கான அரசின் பாரத் ஸ்கில்ஸ் இணையதளத்தில் கேள்வி வங்கி இலவசம். நான் புத்தகத்தைத் தமிழில் படித்து, கேள்வி வங்கியை ஆங்கிலத்தில் போட்டுப் பழகினேன். ஒவ்வொன்றுக்கும் தமிழ், ஆங்கிலம் இரண்டு பெயரும் தெரிந்திருந்தால் கேள்வி எப்படி வந்தாலும் தடுமாற்றம் வராது.

பட்டறை அனுபவம் கைகொடுத்தது கன அடிக் கணக்கில். நீளம் அடியில், அகலமும் தடிமனும் இஞ்சில் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 7 அடி நீளம், 5 இஞ்சுக்கு 3 இஞ்சு நிலைக்கால் என்றால் 105-ஐ 144-ஆல் வகுத்து 0.73 கன அடி. வரைபடப் பாடத்தில் நாம் பின்பற்றுவது முதல் கோண முறை (முன்தோற்றத்துக்குக் கீழே மேல்தோற்றத்தை வரையும் முறை), அதன் குறியீட்டை அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள்.

மரம் சுருங்குவது பற்றிய பாடத்தை மனப்பாடம் செய்யாமல் புரிந்து படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மாமா பட்டறையில் ஐப்பசி மழையில் ஒரு சாப்பாட்டு மேசை செய்தோம். மேல்பலகையைச் சுற்றிச் சட்டம் வைத்து நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கினோம். சித்திரையில் பலகை நடுவில் பிளந்துவிட்டது. மரம் மட்டரகம் என்று மாமா மரக்கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். ஐடிஐயில் இந்தப் பாடம் நடந்த அன்றுதான் தப்பு எங்கள் பேரில் என்று தெரிந்தது. பலகை அசைய நாங்கள் இடமே விடவில்லை. கதவுச் சட்டத்தின் காடியில் (பலகை உட்காரும் பள்ளத்தில்) பலகையைப் பசை இல்லாமல் விடுவது ஏன் என்று வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்டார்கள். அந்த மேசையை நினைத்துக்கொண்டு பதில் சொன்னேன்.

செய்முறையில் தேற 60 சதவீதம் வேண்டும், எழுத்துத் தேர்வில் 33 சதவீதம் போதும். உங்கள் நேரத்தை எங்கே செலவு செய்ய வேண்டும் என்பது இதிலேயே இருக்கிறது. தேர்வு நாளில் வரைபடம் கைக்கு வந்ததும் பக்கத்து பெஞ்சில் ரம்பச் சத்தம் கேட்கும். பதறாதீர்கள். நான் முதல் முக்கால் மணி நேரம் அறுக்கவே இல்லை. ஒவ்வொரு துண்டின் அளவையும் தாளில் எழுதி, துண்டுகளுக்கு எண் போட்டு, எல்லாக் கோட்டையும் போட்டு முடித்த பிறகுதான் ரம்பத்தை எடுத்தேன். பெஞ்சைச் சுத்தமாக வைத்திருப்பதற்கும், மரத்தை வீணாக்காததற்கும், கருவியைக் கையாளும் விதத்துக்கும் மார்க் உண்டு. சீவலை அவ்வப்போது கூட்டித் தள்ளிவிடுங்கள்.

வட்ட ரம்பத்தில் வேலை செய்யும்போது கையுறை போடாதீர்கள், கையுறையின் நூல் சிக்கினால் கையையே இழுத்துவிடும். மாஸ்க் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. முப்பது வருடம் தூளைச் சுவாசித்த என் மாமாவின் இருமல் இரவில் தெருவுக்கே கேட்கும்.

"ஆசாரி வீட்டுப் பிள்ளையா?" என்று சேரும்போதே சிலர் கேட்பார்கள். இல்லை என்றால் இந்த வேலை வராது என்பது போல. எங்கள் வகுப்பில் மிகச் சுத்தமாக டவ்டெயில் வெட்டியவர் ஒரு பூ வியாபாரியின் மகள். வீட்டில் யாரும் உளியைத் தொட்டதே இல்லை. பயப்படாமல் சேருங்கள்.

தேறிய பிறகு அப்ரென்டிஸாகச் சேர்ந்து தேசியச் சான்றிதழ் வாங்குவது நல்லது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள் அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். பிளைவுட் வெட்டி சன்மைக்கா ஒட்டும் வேலை மட்டுமா, திட மரத்தில் இணைப்பு வேலையும் உண்டா, பேனல் ரம்பம், பலகை விளிம்பில் பட்டை ஒட்டும் எட்ஜ் பேண்டிங் மெஷினில் உங்களைக் கை வைக்க விடுவார்களா, தூள் உறிஞ்சும் குழாய் ஓடுகிறதா என்று கேளுங்கள். முதலாளியிடம் மட்டும் கேட்டால் போதாது, டீ குடிக்கும் நேரத்தில் அங்கே ஏற்கெனவே இருக்கும் அப்ரென்டிஸ் ஒருவரிடமும் கேளுங்கள்.