மாரிக்கு முன் கூரை ஏற வேண்டும்

மட்டக்களப்பில் ஓர் அரச உயர்கல்வி நிறுவனத்தின் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்கிறேன். இரண்டு மாடி ஆய்வுகூடம் ஒன்றைச் சொன்ன தேதியில் கையளித்தோம். எப்படி முடிந்தது என்று பலர் கேட்டார்கள்.

வேலை பிந்தினால் எல்லோரும் ஒப்பந்தக்காரரைத்தான் ஏசுவார்கள். நான் பார்த்தவரை, பாதித் தாமதம் அவர் சைட்டுக்கு வருமுன்பே நடந்துவிடுகிறது. நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடியும். ஒதுக்கீடு வந்தபிறகு பிளான் கீறி, டெண்டர் கோரி, மதிப்பீட்டுக் குழு கூடி வேலையைக் கொடுக்க ஆவணி, புரட்டாசி ஆகிவிடும். அத்திவாரக் குழி வெட்டும்போதே மாரி தொடங்கிவிடும். கரையோர மணல் நிலம், நீர்மட்டமும் மேலேதான். தை வரை தண்ணீர் இறைப்பதுதான் வேலை.

ஆகவே பிளானையும், வேலைகளின் அளவுகளைப் பட்டியலிடும் பி.ஓ.கியூ.வையும் முந்தைய மாரியிலேயே முடித்துவிட்டோம். ஆண்டுத் தொடக்கத்தில் டெண்டர். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் போன மேசன்மார் திரும்பியதும் அத்திவாரம். வாடைக்காற்று மழைக்கு முன் கூரை ஏறியது. மழை நாட்களில் உள்ளே பூச்சும் வயரிங்கும் நடந்தன.

இன்னொன்றையும் செய்தோம், அதுதான் எனக்குப் பெரிது. டெண்டருக்கு முன் வெறும் நிலத்தில் சுண்ணாம்புத் தூளால் அறைகளைக் கீறி, விரிவுரையாளர்களையும் ஆய்வுகூட உதவியாளர்களையும் உள்ளே நடக்கவிட்டோம். “சேர், சிங்க் இந்தப் பக்கம் வந்தா பிள்ளைகள் அமிலப் போத்தலோட கதவைக் கடந்து போகணும்” என்றார் ஓர் உதவியாளர். அங்கேயே மாற்றினோம். சிலாப் போட்டபிறகு அதைச் சொல்லியிருந்தால் கொன்கிறீட்டை உடைக்க வேண்டும், மாற்று வேலைக்கு அனுமதி எடுக்க வேண்டும், கால நீடிப்பும் கொடுக்க வேண்டும்.

பணமும் முக்கியம். முடிந்த வேலையை ஒப்பந்தக்காரரின் ஆளோடு சேர்ந்தே அளந்து கையெழுத்திட்டோம். அதனால் பில் சர்ச்சையில்லாமல் போனது, கூலியும் நிற்கவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்து மூடை மூவாயிரம் ரூபாயைத் தாண்டி, திறைசேரிப் பணமும் நின்றபோது, தூண் மட்டத்தில் விடப்பட்ட கட்டடங்களில் கம்பி துருவேறியதைப் பார்த்தவன் நான். அப்படியான காலத்தை எந்தத் திட்டமிடலும் வெல்லாது. ஆனால் சாதாரண ஆண்டில் பிந்துவதை நான் ஏற்கமாட்டேன், வகுப்புக்கு இடமில்லாமல் அலைவது நம் பிள்ளைகள்தான்.

அடுத்த கட்டடத்துக்கு மண் பரிசோதனையை இப்போதே கேட்டிருக்கிறேன். அறிக்கை கையில் இல்லாமல் அத்திவாரப் பிளானில் கையெழுத்து வைக்கப் போவதில்லை.