அகற்றியது: பூஜ்யம்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு வரைபடம் போடச் சொன்னார்கள். மக்காச்சோளப் பயிர்க்கழிவு, அதாவது மணி போக மிஞ்சும் தட்டையும் தோகையும், 1961 முதல், ஆண்டு வாரியாக. விவசாயத்திலிருந்து வெளியேறும் பசுங்குடில் வாயுக்களைக் கணக்கெடுப்பது எங்கள் பிரிவின் வேலை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் தரவு அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. அரைமணி நேரத்தில் முடித்துவிட்டேன். கோடு நடுநடுவே வறட்சி ஆண்டுகளில் சறுக்கினாலும் மொத்தத்தில் மேலேதான் ஏறியது.

"இவ்வளவு தட்டையையும் யார் சார் எடை போட்டது?" என்று பக்கத்து மேசைக்காரரைக் கேட்டேன்.

"எவனும் போடலை" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்புறம்தான் விளங்கியது. மணி எவ்வளவு விளைந்தது என்றுதான் நாடுகள் கணக்கு வைக்கின்றன. தட்டை, தோகை, கதிர்ச்சக்கை இதெல்லாம் கணக்கில் வராது. மணியின் எடையை ஒரு சூத்திரத்தில் போட்டால் கழிவின் எடை வந்துவிடும். 2006-இல் ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி வெளியிட்ட வழிகாட்டியில் மக்காச்சோளத்துக்கு இரண்டே எண்கள்: மணியின் உலர் எடையை 1.03-ஆல் பெருக்கு, 0.61 டன் கூட்டு. ஹெக்டேருக்கு 2 டன் விளைந்தால், மணியின் ஈரத்தைக் கழித்துவிட்டுப் போட்டால், நிலத்துக்கு மேலே 2.4 டன் உலர்ந்த கழிவு. 6 டன் விளைந்தால் கிட்டத்தட்ட 6 டன். தட்டையின் போக்கு என்று பெயரெழுதி நான் மேலதிகாரியிடம் நீட்டியது, மணியின் போக்கைக் கொஞ்சம் நீட்டிச் சுருக்கிய நிழல்தான்.

நிழல் பல இடங்களில் பொய் சொல்லும். மெக்சிகோவில் உள்ள சிம்மிட் என்ற சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில், டக்ஸ்பெனோ என்ற வெப்பமண்டல மக்காச்சோளத்தை உயரம் குறைவதற்காகவே 15 சுற்றுகள் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். செடியின் மொத்த எடையில் மணியின் பங்கு 0.30-லிருந்து ஏறத்தாழ 0.45-க்கு உயர்ந்தது. அதாவது ஒரு கிலோ மணிக்கு இரண்டு கிலோவுக்கு மேல் தட்டை கிடைத்த இடத்தில், பின்னாளில் ஒன்றேகால் கிலோதான். நெட்டை ரகம் போய்க் குட்டை ரகம் வந்த நிலத்தில் 1961-க்கும் இன்றைக்கும் ஒரே எண்ணை வைத்துப் பெருக்கினால், பழைய தட்டை குறைவாகத் தெரியும், ஏற்றம் மிகையாகத் தெரியும்.

வறட்சியிலும் நிழல் பொய் சொல்லும். பூக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் மகரந்தம் உதிர்ந்த பிறகுதான் கதிரின் இழை வெளியே வரும், மணி பிடிக்காது. ஆனால் செடி ஆளுயரம் நிற்கும். விளைச்சல் பூஜ்யம் என்றால் சூத்திரம் ஹெக்டேருக்கு வெறும் 610 கிலோ தட்டை என்று சொல்லும். அந்த வயலுக்குள் நடந்து பார்த்தவர் யாரும் அதை நம்பமாட்டார். (அந்தத் தட்டையை அப்படியே மாட்டுக்குப் போடவும் பயம். வாடிய செடியின் அடித்தண்டில் நைட்ரேட் சேர்ந்திருக்கும், அது மாட்டுக்கு நஞ்சு.)

சரி, இதெல்லாம் ஓரளவு எதிர்பார்க்கக்கூடிய பிழைகள். என்னைத் தூக்கிவாரிப் போட்டது, கணக்குத்தாளின் வலது ஓரத்தில் இருந்த ஒரு பத்தி. வயலிலிருந்து அகற்றிய கழிவின் பங்கு என்று தலைப்பு. மேலிருந்து கீழ்வரை எல்லா ஆண்டுக்கும் பூஜ்யம்.

யாரும் சோம்பேறித்தனத்தால் போட்டதில்லை. தரவு இல்லையென்றால் எதுவும் அகற்றப்படவில்லை என்று வைத்துக்கொள்ளச் சொல்வதே அந்த வழிகாட்டிதான். தட்டை மண்ணிலேயே மட்கும், அதிலுள்ள நைட்ரஜனில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு என்ற பசுங்குடில் வாயுவாகக் கிளம்பும் என்று கணக்கு ஓடும். தட்டையை அறுத்துப் பொடியாக்கி வயலிலேயே விட்டுவிடும் பண்ணைகளுக்கு அது பொருந்தலாம். வீட்டுக்கு வீடு மாடு கட்டியிருக்கும் ஒரு வளரும் நாட்டுக்கு?

அறுவடை முடிந்து ஒரு மாதம் கழித்து, தொங்குதராசும் சாக்குமாகக் கிளம்பினேன். முதல் வயல் வெறும் மண். அடிக்கட்டை மட்டும் நாலு விரல் உயரத்துக்கு நின்றது. வரப்பில் இருந்த அம்மாவிடம், "தட்டையெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"மாடு இருக்கிற வீட்டுத் தட்டை நிலத்துல கிடக்குமா தம்பி?" என்றார். என் தராசைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்கவில்லை, நல்லவேளை.

அடுத்த வயல்காரர் மாடுகளை விற்றுவிட்டு வாடகை டிராக்டரில் உழுகிறவர். அங்கே தட்டை எரிந்து கறுத்துக் கிடந்தது. நைட்ரஜனில் பெரும்பங்கு காற்றோடு போக, பொட்டாஷ் மட்டும் சாம்பலில் மிஞ்சும். கதிர்ச்சக்கையின் கதை எல்லா வயலுக்கும் ஒன்றே: கதிரோடு களத்துக்குப் போகும், அங்கிருந்து அடுப்புக்குப் போகும், நிலத்துக்குத் திரும்புவதே இல்லை. உழவில்லா முறை பேசுகிறவர்கள் நிலத்தில் குறைந்தது 30 விழுக்காடாவது பயிர்க்கழிவால் மூடியிருக்க வேண்டும் என்பார்கள். அன்று நான் பார்த்த வயல்களில் அதற்கான தட்டை ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. அதுவும் நிலத்துக்காரர் ஊரில் இல்லாததால்.

உண்மையான போக்கு அந்த வலது ஓரப் பத்தியில்தான் இருக்கிறது என்று அன்றைக்குப் பட்டது. மாடு குறையக் குறைய வயலில் தட்டை மிஞ்சும். மிஞ்சுவது அடுத்த விதைப்புக்கு இடைஞ்சல் என்று தீ வைக்கப்படும். விளைச்சல் ஒரு கிலோ கூடாவிட்டாலும் இந்தக் கோடு மாறும்.

விசாரித்துத் திரட்டிய பங்குகளைப் போட்டு மறுபடி ஓட்டினேன். கோடு சரேலென்று இறங்கியது. மேலதிகாரி மலர்ந்த முகத்தோடு, "எந்தத் திட்டத்தால குறைஞ்சுது?" என்றார்.

"திட்டம் எதுவும் இல்லை சார். மாடு தின்னுட்டுது. சாணக் கணக்கு வேற தாள்ல ஏற்கெனவே இருக்கு. இத்தனை நாளும் ஒரே தட்டையை ரெண்டு தடவை எண்ணியிருக்கோம்."

அவருக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. ஒரு ஆண்டை மட்டும் திருத்தினால் போதாது, 1961 வரை பின்னோக்கித் திருத்தினால்தான் தொடர் ஒன்றாக இருக்கும் என்றார். அது நியாயம்தான். பழைய ஆண்டுகளுக்கு எங்கே போவது? ஓய்வுபெற்ற களப்பணியாளர்கள் மூன்று பேரை உட்காரவைத்து, அந்தக் காலத்தில் தட்டையில் எவ்வளவு மாட்டுக்குப் போனது என்று கேட்டோம். ஒருவர் பாதி என்றார். ஒருவர் முக்கால் என்றார். மூன்றாமவர், "மிச்சம்னு ஒண்ணு இருந்தாத்தானேப்பா" என்று சொல்லி அடுத்த டீ கேட்டார். மூன்றையும் எழுதிக்கொண்டேன், இடைவெளியை நிச்சயமின்மை என்ற பத்தியில் போட்டேன்.