கடைசி அலுமாரியில் இருந்தவர்

நோர்வேயின் பேர்கன் நகரின் பொது நூலகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் முறை நான் அங்கே போனது மழைக்கு ஒதுங்கத்தான். இந்த ஊரில் குடை காயுமுன் அடுத்த மழை வந்துவிடும். இரண்டாம் முறை ஒரு எழுத்தாளரைத் தேடிப் போனேன். மொழி வகுப்பில் ஆசிரியை ஈவர் ஓசன் என்பவரைப் பற்றிச் சொல்லியிருந்தார். விவசாயி மகன். 1842இல் கிளம்பி, வருடக்கணக்காக ஊர் ஊராக அலைந்து, கிராமத்துச் சனங்கள் கதைக்கிற சொற்களைக் கேட்டு எழுதி, அதிலிருந்தே ஒரு எழுத்து மொழியை ஆக்கியவர். இன்று நோர்வேயின் இரண்டு எழுத்து மொழிகளில் ஒன்றான நீநொர்ஸ்க் என்று வழங்குவது அதிலிருந்து வளர்ந்ததுதான்.

நான் நேராக 'ஐ' (I) எழுத்து அலுமாரிக்குப் போனேன். எங்களுக்குப் பெயர் என்றால் அவரவர் பெயர்தானே, அப்பாவின் பெயர் முதலெழுத்தோடு நின்றுவிடும். அங்கே இப்சன் இருந்தார், ஓசன் இல்லை. சரி, குடும்பப் பெயரில் பார்க்க வேண்டும் போல. அவருடைய குடும்பப் பெயர் இரண்டு 'ஏ' சேர்ந்து (Aa) தொடங்குவது. முதல் அலுமாரிக்கு வந்தேன். அங்கேயும் இல்லை. நூலகர்தான் என்னைக் கடைசி அலுமாரிக்குக் கூட்டிப் போனார். இங்கே எழுத்துகள் 29. கடைசி எழுத்து, தலையில் சின்ன வட்டம் வைத்த 'ஏ' (Å), ஒலிக்கும்போது 'ஓ'. அந்த வட்டம் வருமுன் அதை இரண்டு 'ஏ' போட்டுத்தான் எழுதினார்கள். அதனால் பார்த்தால் முதலில் நிற்க வேண்டியவர், வரிசையில் கடைசியாக நிற்கிறார்.

அன்று நான் அவரை எடுக்கவில்லை. முதல் அலுமாரியில் தொடங்கி, எழுத்துக்கு ஒருவரையாவது வாசித்து, இவரிடம் வந்து சேருவோம் என்று நினைத்தேன். எதை வாசிக்கலாம் என்று சொல்ல இந்த நாட்டில் எனக்கு அப்போது ஒருவரும் இல்லை. வரிசை இருந்தது. வாசிக்க அட்டை இலவசம். புதிதாக வரும் இலக்கிய நூல்களை 1965 முதல் அரசே வாங்கி நாடு முழுவதும் உள்ள நூலகங்களுக்குக் கொடுத்து வருகிறது என்று பிறகு அறிந்தேன்.

முதல் எழுத்தில் கிடைத்தவர் ஷெல் அஸ்கில்ட்சன். கட்டையான வாக்கியங்கள், அகராதி அதிகம் தேவைப்படவில்லை. அவருடைய முதல் நூலை, 1953இல், சொந்த ஊர் நூலகமே வைக்க மறுத்ததாம். அவர் கதைகளில் வரும் கிழவர்கள் யாரோடும் ஒட்டாமல், பிள்ளைகள் வந்தாலும் என்ன கதைப்பது என்று தெரியாமல் இருப்பார்கள். நான் அப்போதுதான் முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலையில் கஞ்சி கொடுக்கப் போனால் அந்த முகங்கள் அங்கே இருந்தன. கோபக்காரர்கள் என்று நினைத்தவர்கள் கூச்சக்காரர்கள் என்று எனக்கு விளங்கியது அந்தப் புத்தகத்தால்தான்.

'எச்' எழுத்தில் நான்கு மாதம் நின்றுவிட்டேன். முதலில் ஹம்சுன். அவரை யாழ்ப்பாணத்திலேயே தெரியும், க.நா.சு. மொழிபெயர்த்த 'நிலவளம்' வீட்டில் இருந்தது. நோபல் பரிசு பெற்ற அந்த மனிதர், 1945 மே மாதம் ஹிட்லருக்கு இரங்கல் எழுதினார் என்பது இங்கே வந்துதான் தெரியும். அந்த நாவலை மறுபடி வாசித்தேன். மண்ணைக் கொத்தும் பக்கங்கள் இன்னமும் அழகுதான், ஆனால் பழையபடி மனம் ஒட்டவில்லை.

அப்புறம் ஹோல்பேர்க். 1684இல் இதே பேர்கனில் பிறந்தவர். மீன் சந்தைக்குப் பக்கத்தில் சிலையாக நிற்கிறார், தினமும் கடந்து போவேன். அவருடைய நாடகமொன்றில், கோபன்ஹேகனில் படித்த கிராமத்துப் பொடியன் பெயரையே லத்தீனாக்கிக்கொண்டு ஊருக்கு வருகிறான். கல் பறக்காது, அம்மாவும் பறக்க மாட்டாள், ஆகவே அம்மா ஒரு கல் என்று தாயிடமே நிரூபிக்கிறான். அவள் பயந்து அழுகிறாள். கொழும்பில் படித்துவிட்டு வந்து அம்மம்மாவின் பேச்சைத் திருத்திய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அதே அவன் பூமி உருண்டை என்றும் சொல்கிறான், அது உண்மை, அதை ஊர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஹோல்பேர்க் இரண்டு பக்கத்தையும் விடவில்லை. 

கடைசியாக ஹௌகே, ஹர்டாங்கரில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்த கவிஞர். வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்தது மற்ற எழுத்து மொழியான பூக்மோல். 'நான்' என்றால் 'யாய்'. வேலையில் எல்லாரும் 'ஏக்' என்றார்கள். ஒரு மாதம் வரை அது வேறு ஏதோ சொல் என்று நினைத்திருந்தேன். ஹௌகேயின் பக்கத்தில் அதே 'ஏக்' அச்சில் இருந்தது. இடைவேளையில் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஹர்டாங்கரில் இருந்து வந்த ஒரு ஐயா புத்தகத்தை வாங்கி இரண்டு கவிதைகளைச் சத்தமாக வாசித்தார். அதற்கு முன் அவர் என்னிடம் காலை வணக்கம் தவிர எதுவும் சொன்னதில்லை. பிறகு என் உச்சரிப்பைத் திருத்தத் தொடங்கினார். தினமும் ஒரு சொல்.

'எஸ்' எழுத்தில் அமாலி ஸ்க்ராம். 1887இல் வந்த 'ஷூர் காப்ரியேல்', பேர்கனுக்கு வெளியே வறுமையில் கிடக்கும் ஒரு குடும்பத்தின் கதை. மனைவி குடிக்கிறாள், கணவன் அடிக்கிறான். பேச்சு முழுக்க ஊர்ப் பேச்சு. ஐயாவிடம் பயின்றிராவிட்டால் ஒரு பக்கம் தாண்டியிருக்க மாட்டேன்.

கடைசி அலுமாரிக்கு மூன்று வருடம் கழித்து வந்தேன். ஓசனின் கவிதைகளைப் பிரித்தபோது ஒரு பக்கத்தில் கை நின்றது. மேடுகளுக்கும் மலைகளுக்கும் நடுவே, கடலோரத்தில் வீடு கட்டி வாழ்ந்தவனைப் பற்றிய பாட்டு. மே 17 தேசிய தினத்தில் இல்லத்து ஆட்கள் பாடும்போது நானும் மூன்று முறை சேர்ந்து பாடியிருக்கிறேன், யார் எழுதியது என்று கேட்காமலே.